ஸ்டாரை மாத்தினா துட்டு! ஆன்லைன் வியாபாரிகள் வீசும் வலை

வாங்கிய சாமானின் விலை 10 டாலர். அதை பற்றி எழுதிய கெட்ட ரிவியூவை அழித்தால் 20 டாலர்! எந்த கடையிலாவது இப்படி ஒரு கூத்து நடக்குமா? அமேசானில் நடந்தது.

அமெரிக்காவில் 2021-ம் ஆண்டு ஒரு பெண், சமையல் எண்ணெய் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில் ஒன்றை அமேசானில் வாங்கினார். 5-க்கு 4.5 ஸ்டார் இருக்கிறதே, நல்லாத்தான் இருக்கும் என்று நம்பி வாங்கியது. வந்த பாட்டில் சரியாக வேலை செய்யவில்லை. கடுப்பான அவர் உள்ளதை உள்ளபடி ரிவியூவில் எழுதிவிட்டார்.

சில நாளில் அவரது இ-மெயிலுக்கு விற்பனையாளர் தரப்பில் இருந்து ஒரு கடிதம். ரிவியூவை எடுத்துவிட்டால் 20 டாலர் தருவதாக கெஞ்சல். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் இதை வெளியிட, விஷயம் அம்பலத்துக்கு வந்தது.

இதில் பகீர் சமாச்சாரம் இன்னொன்று. வாடிக்கையாளரின் இ-மெயில் முகவரியை அமேசான் விற்பனையாளருக்கு கொடுப்பது கிடையாது. அப்படி இருந்தும் கெட்ட ரிவியூ எழுதியவர்களை சில வியாபாரிகள் வெளியில் துப்பறிந்து தேடிப்பிடித்து இருக்கிறார்கள்.

10 டாலர் சாமானுக்கு 20 டாலர் தண்டம் கட்டும் அளவுக்கு வியாபாரிக்கு என்ன தலையெழுத்து? அதற்கு பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. விவரம் வருமாறு:-

19 பேர் வேணும்!

ஒருத்தர் 1 ஸ்டார் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதை சமாளித்து சராசரியை 4.8-க்கு ஏற்ற வேண்டும் என்றால், சாதாரண சராசரி கணக்குப்படி 19 பேர் தலா 5 ஸ்டார் போட வேண்டும். (19 பேருக்கு 95, அதோடு 1 சேர்த்தால் 96. இதை 20-ஆல் வகுத்தால் 4.8.)

பொருள் நல்லா இருந்தா பேசாமல் இருப்பதும், கெட்டுப்போனா சத்தம் போடுவதும் மனுஷ சுபாவம். அதனால் 19 பேரை சம்பாதிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரே ஒரு ஆளை சரிக்கட்டினால் வேலை முடிந்தது. அதனால்தான் வியாபாரி பையில் கையை விடுகிறார்.

ஸ்டாருக்கு நேரடியாக காசு மதிப்பும் உண்டு. அமெரிக்காவில் ஓட்டல்களை பற்றி கருத்து எழுதும் யெல்ப் தளத்தை வைத்து ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் லூகா 2011-ல் ஆய்வு செய்தார். 1 ஸ்டார் கூடினால் ஓட்டலின் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று அவர் கண்டுபிடித்தார்.

ஈபே தளத்தில் பழைய தபால் அட்டைகளை விற்று பார்த்த ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. ஒரே ஆள் விற்கும் ஒரே மாதிரி அட்டை. நல்ல பெயர் எடுத்த கணக்கில் விற்றபோது, புதுக் கணக்கில் விற்றதை விட சுமார் 8 சதவீதம் கூடுதல் விலை கிடைத்தது. பெயர்தான் முதல், சாமான் அப்புறம்!

தலைக்கு மேல் கத்தி

கம்பெனிகளும் வியாபாரியை சும்மா விடுவது இல்லை. அமேசானில் ஒரு விற்பனையாளரின் "குறைபாடு விகிதம்" 1 சதவீதத்துக்கு கீழே இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் கெட்ட கருத்து, பணத்தை திருப்பி கேட்கும் புகார், கிரெடிட் கார்டு கம்பெனி மூலம் பணத்தை திரும்ப இழுப்பது ஆகிய மூன்றும் இந்த கணக்கில் சேரும். எல்லை தாண்டினால் கணக்கையே முடக்கலாம்.

கொஞ்சமாக ஆர்டர் எடுக்கும் சின்ன வியாபாரிக்கு ஒரே ஒரு கெட்ட கருத்து வந்தாலே கத்தி கழுத்துக்கு வந்துவிடும். லட்சம் ஆர்டர் எடுக்கும் பெரிய கைக்கு அதே ஒரு கருத்து கொசுக்கடி. ஆக, இந்த தில்லாலங்கடி வேலைக்கு பேராசை மட்டும் காரணம் இல்லை, பயமும் ஒரு காரணம்.

போட்டிக்காரன் ஆள் வைத்து வேண்டுமென்றே 1 ஸ்டார் போடுவதும் உண்டு. "பணத்தை திருப்பி கொடு, இல்லைன்னா நாறடிச்சுடுவேன்" என்று வியாபாரியை மிரட்டும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். அதை தடுக்க ஈபே தனி விதியே வைத்திருக்கிறது.

பழிக்குப்பழி காலம்

இந்த நோய் இன்று நேற்று வந்தது அல்ல. பியர் ஒமிடியார் 1995-ல் ஈபேயை தொடங்கினார். முன்பின் தெரியாத ஆளிடம் பணத்தை அனுப்ப ஜனங்கள் பயந்தார்கள். அந்த பயத்தை போக்கத்தான் வாங்கியவரும் விற்றவரும் ஒருவரை பற்றி ஒருவர் கருத்து எழுதும் முறையை 1996-ல் கொண்டு வந்தார்கள்.

அதிலும் வில்லங்கம் வந்தது. வாங்கியவர் கெட்ட கருத்து போட்டால், விற்றவர் பழிக்குப்பழியாக அவருக்கும் கெட்ட கருத்து போட ஆரம்பித்தார். "நீ எடு, நானும் எடுக்கிறேன்" என்று பேரம் நடந்தது. நமக்கு ஏன் வம்பு என்று பலர் வாயை மூடிக்கொண்டார்கள்.

கடைசியில் 2008 மே மாதம் ஈபே ஒரு அதிரடி செய்தது. வாங்குபவருக்கு விற்பவர் கெட்ட கருத்து போட முடியாது என்று கதவை சாத்தியது. மிரட்டும் வழி அடைபட்டதும், காசை காட்டி மயக்கும் வழி மட்டும் பாக்கி. (பாஸீ தளத்தை 2004-ல் வாங்கி இந்தியாவுக்குள் வந்த ஈபேயின் கடை, 2018 ஆகஸ்டில் இங்கே மூடப்பட்டது தனிக்கதை.)

குடம்புளி மாத்திரை விவகாரம்

அமேசான் 2016 அக்டோபரில், ரிவியூவுக்கு பதில் இலவச சாமான் கொடுக்கும் வழக்கத்தை தடை செய்தது. அதோடு அடங்கவில்லை.

கேரளாவிலும் கன்னியாகுமரி பக்கமும் மீன் குழம்பில் போடும் குடம்புளி தெரியும் அல்லவா? அதன் சத்தை மாத்திரையாக்கி, உடம்பு இளைக்கும் என்று அமெரிக்காவில் ஒரு கம்பெனி அமேசானில் விற்றது. பெயர் க்யூர் என்கேப்சுலேஷன்ஸ். ஸ்டார் 4.3-க்கு கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு இணையதளத்துக்கு காசு கொடுத்து பொய் ரிவியூ எழுத வைத்ததாக அமெரிக்க அரசின் வர்த்தக கமிஷன் 2019 பிப்ரவரியில் வழக்கு போட்டது. கடைகளின் தளத்தில் காசுக்கு எழுதும் பொய் ரிவியூ மீது அந்த கமிஷன் எடுத்த முதல் நடவடிக்கை இதுதான். தீர்ப்பு தொகை 1 கோடியே 28 லட்சம் டாலர். 50 ஆயிரம் டாலர் கட்டினால் மீதி நிறுத்தி வைக்கப்படும் என்று சமரசம் ஆனது.

2021-ல் செல்போன் உபகரணங்கள் விற்கும் ராவ்பவர் நிறுவனத்தின் பெட்டிக்குள் ஒரு அட்டை கிடந்தது. ரிவியூ எழுதினால் 35 டாலர் பரிசு என்று அதில் ஆசை காட்டியிருந்தார்கள். செய்தி வெளியானதும் அமேசானில் இருந்து அந்த பிராண்டு மாயமானது. அதே ஆண்டு செப்டம்பரில், 600 சீன பிராண்டுகளுக்கு சொந்தமான சுமார் 3 ஆயிரம் கணக்குகளை மூடிவிட்டதாக அமேசான் அறிவித்தது. 2022 ஜூலையில் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேஸ்புக் குரூப்களை நடத்தியவர்கள் மீது வழக்கு போட்டது. காசுக்கு ரிவியூ எழுத ஆள் பிடித்த குரூப்கள் இவை.

நம்ம ஊரில் என்ன நிலவரம்?

இங்கேயும் இதே சங்கதி சின்ன சைசில் வருகிறது. பார்சலை பிரித்தால் உள்ளே பளபளன்னு ஒரு அட்டை. "5 ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்புல அனுப்புங்க, 100 ரூபாய் வாங்கிக்கோங்க". 1 ஸ்டார் போட்டால் போன் வரும். "சார், மாத்திடுங்க சார், ஜிபேல போட்டு விடுறோம்".

நூறு ரூபாய் தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றும். நஷ்டம் அடுத்து வாங்குகிறவருக்கு.

உதாரணத்துக்கு, ஒரு பவர் பேங்கை 100 பேர் வாங்குகிறார்கள். 10 பேருக்கு அது சூடாகி ஊதிப்போகிறது. அதில் 4 பேர் ரிவியூ எழுதுகிறார்கள். 3 பேரை வியாபாரி சரிக்கட்டிவிட்டார். 101-வது ஆளாக வாங்க வருபவர் கண்ணில் படுவது ஒரே ஒரு புகார். "யாரோ ஒருத்தருக்கு மட்டும் கெட்டுப்போயிருக்கு" என்று நினைத்து அவரும் வாங்குகிறார். ராத்திரி அதை தலைமாட்டில் சார்ஜ் போட்டு தூங்கவும் செய்வார்.

பெரிய பணக்காரருக்கு 800 ரூபாய் போனால் போனது. வாரக்கூலியில் மிச்சம் பிடித்து வாங்குபவருக்கு கடைக்காரரை தெரியாது, சாமானை தொட்டுப் பார்க்கவும் வழி இல்லை. முன்னால் வாங்கியவர் எழுதின நாலு வரிதான் அவருக்கு துணை. அந்த நாலு வரியைத்தான் 100 ரூபாய்க்கு விலை பேசுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

அமெரிக்காவில் வர்த்தக கமிஷனின் புது விதி 2024 அக்டோபர் 21-ந்தேதி அமலுக்கு வந்தது. நல்லபடியாகவோ கெட்டபடியாகவோ இப்படித்தான் எழுத வேண்டும் என்று நிபந்தனை போட்டு ரிவியூவுக்கு காசு கொடுப்பதும், மிரட்டி ரிவியூவை எடுக்க வைப்பதும் குற்றம். ஒரு மீறலுக்கு 50 ஆயிரம் டாலருக்கு மேல் அபராதம் போடலாம். இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் 6-ந்தேதி முதல் பொய் ரிவியூவுக்கு தடை. மீறினால் கம்பெனியின் உலக வருமானத்தில் 10 சதவீதம் வரை அபராதம்.

இந்தியாவில் 2020 ஜூலையில் வந்த இ-காமர்ஸ் விதிகள், விற்பவர் வாடிக்கையாளர் வேஷம் போட்டு ரிவியூ எழுதக்கூடாது என்கின்றன. ஆனால் நிஜ வாடிக்கையாளருக்கு காசு கொடுத்து ரிவியூவை அழிக்க வைத்தால்? அதை பெயர் சொல்லி தடுக்கும் வரி அதில் இல்லை. நியாயமற்ற வியாபார முறை கூடாது என்ற பொது விதிக்குள்தான் கொண்டு வர வேண்டும்.

2022 நவம்பரில் இந்திய தர நிர்ணய அமைப்பு, ரிவியூக்களுக்கு என்றே ஐ.எஸ்.19000 என்ற தரத்தை வெளியிட்டது. விலைக்கு வாங்கிய ரிவியூவை வெளியிடக்கூடாது என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் விருப்பப்பட்டவர்கள் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அது வந்தது. இதை கட்டாயம் ஆக்கும் யோசனையை 2024 மே மாதம் மத்திய அரசு கம்பெனிகளிடம் முன்வைத்தது. விருப்பப்பட்டால் ஹெல்மெட் போடலாம் என்று சொன்னால் எத்தனை பேர் போடுவார்கள்?

எது நியாயம், எது லஞ்சம்?

எல்லா மாற்றமும் தப்பு இல்லை. கெட்டுப்போன மிக்சியை மாற்றிக் கொடுத்துவிட்டு, "இப்ப திருப்தியா? அப்படின்னா கருத்தை பாருங்க" என்று கேட்பது வேறு. அதற்கு ஈபேயே வழி வைத்திருக்கிறது. வாங்கியவரிடம் கருத்தை திருத்த சொல்லி விற்பவர் கேட்கலாம். ஆனால் வருஷத்துக்கு 1,000 கருத்து வாங்கினால் 5 முறைதான் கேட்க முடியும்.

"முதல்ல அழி, அப்புறம் பணம்" என்றால் அது லஞ்சம். கெட்ட சாமானுக்கு பணத்தை திருப்பி வாங்குவது வாடிக்கையாளரின் உரிமை. அதற்கு ரிவியூவை அடகு வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

உஷார்! உஷார்!

இந்த ஆசையை வைத்து வேறு கும்பலும் உள்ளே புகுந்துவிடலாம். "ரிவியூவுக்கு பணம் போடுறோம், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் அடிங்க" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிட வேண்டும். பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் அடித்தால் நம்ம கணக்கில் இருந்துதான் பணம் போகும். ஓ.டி.பி.யும் சொல்லக்கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் செய்யலாம்.

பொதுமக்கள் கவனிக்க வேண்டிய மற்ற விஷயங்கள்:-

வாங்கும் முன் மொத்த ஸ்டாரை மட்டும் பார்க்காமல், 1 ஸ்டார், 3 ஸ்டார் ரிவியூக்களையும் படிக்க வேண்டும். ஒரே புகார் இரண்டு மூன்று பேரிடம் வந்தால் ஒதுங்குவது நல்லது.

குறை இருந்தால் ஆப் மூலமாகவே பேச வேண்டும். வெளியில் வாட்ஸ்அப்பில் பேரம் பேசினால் அந்த தளத்தில் அதற்கு பதிவு இருக்காது.

காசு தருவதாக வந்த மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த தளத்திலேயே புகார் செய்யலாம். 48 மணி நேரத்துக்குள் புகாரை பெற்றுக்கொண்டதாக பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் கம்பெனி தீர்த்து வைக்க வேண்டும் என்பது 2020 விதி. நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் கமிஷனுக்கு போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சாமானுக்கு புகார் கட்டணம் கிடையாது.

பொருளை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா? பழைய ரிவியூவை அழிக்காமல், "முதல்ல பழுதா வந்துச்சு, 5 நாள்ல மாத்திக் கொடுத்தாங்க" என்று அதோடு சேர்த்து எழுதலாம். நாணயமான வியாபாரிக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. அடுத்து வாங்குகிறவருக்கும் முழு விஷயம் தெரிந்துவிடும்.