படவில்லையில் தமிழுக்கும் இடம் வேண்டும்

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பட்டம் பெறுவதற்குள் எத்தனை முறை படவில்லைகளோடு கூட்டத்தின் முன் நிற்கிறார் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பணித்திட்டம், குழுப்படைப்பு, தொழிற்பயிற்சி அறிக்கை, இறுதியாண்டு ஆய்வு எல்லாம் பவர்பாயிண்டில்தான் வந்து முடிகின்றன. ஆனால், படவில்லை வடிவமைப்பது ஒரு தொழில், அதைச் செய்தே குடும்பம் நடத்துவோர் இருக்கின்றனர் என்று சொன்னால் நம்மவர்கள் சிரிக்கிறார்கள். "இதுகூட ஒரு வேலையா தம்பி?" என்பதே முதல் கேள்வி. ஆயர் ஈத்தாமில் வீட்டிலிருந்தபடியே இந்த வேலையைச் செய்து வருபவன் என்பதால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. பதில் சொல்லிவிட்டு, நம் தமிழ்மொழிக் கழகங்களிடம் ஒரு வழக்கையும் வைக்க வேண்டியுள்ளது.

வண்ணம் தீட்டுவதும் படம் ஒட்டுவதும்தான் இவ்வேலை என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் வேலையின் பெரும்பகுதி வாசிப்பதும் வெட்டுவதும்தான். மாலை ஆறு மணிக்கு நாற்பது பக்க அறிக்கை ஒன்று வரும். மறுநாள் காலை பத்து மணிக்குக் கூட்டம். முதலில் கணினியைத் தொடுவதில்லை. அறிக்கையை முழுக்கப் படித்துவிட்டு, அனுப்பியவரிடம் மூன்று கேள்விகள் கேட்பேன். கேட்கப்போவது யார்? அவர்கள் என்ன முடிவு எடுக்க வேண்டும்? எத்தனை நிமிடம் தருவார்கள்? பலரால் இரண்டாம் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடிவதில்லை. அந்தப் பதில் கிடைத்த பிறகுதான் தாளில் கட்டம் போட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு கருத்து என்று எழுத முடியும். கணினி வேலை அதற்கும் பிறகுதான்.

ஆயர் ஈத்தாம் சந்திப்பைத் தெரியாதவர் தென்மாநிலத்தில் குறைவு. முதலாம் எண் கூட்டரசு சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் போகும் 50ஆம் எண் சாலையும் இங்கேதான் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்படும்வரை சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் போகும் வாகனங்கள் இவ்வூரைத் தாண்டித்தான் போயின. சாலையோரப் பீங்கான் கடைகள் பெயர் பெற்றதும் அதனால்தான். வடக்கிலிருந்து வருபவருக்குச் சந்திப்பின் பெயர்ப்பலகை என்ன சொல்ல வேண்டும்? வலப்பக்கம் பத்து பகாட், இடப்பக்கம் குளுவாங், நேரே ஜொகூர் பாரு. அவ்வளவுதான். பீங்கான் கடைகளின் வரலாற்றைப் பலகையில் எழுதினால் ஓட்டுநர் சந்திப்பைத் தவறவிட்டுவிடுவார். படவில்லையும் ஓடும் வாகனத்திலிருந்து படிக்கப்படுவதுதான். பேசுபவரின் குரல் ஒரு பக்கம் இழுக்க, கண்ணுக்குக் கிடைப்பது சில வினாடிகளே.

இது வெறும் அழகு பற்றிய பேச்சு என்று எண்ணும் பொறியியல் மாணவர்கள் கொலம்பியா விண்ணோடத்தின் கதையைப் படிக்க வேண்டும். 2003 ஜனவரி 16ஆம் நாள் அது ஏவப்பட்ட சுமார் 82 வினாடிகளில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த காப்பு நுரைத் துண்டு இடது இறக்கையைத் தாக்கியது. விண்ணோடம் சுற்றுப்பாதையில் இருந்தபோதே போயிங் பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டு, நாசாவுக்குப் படவில்லைகளாக அளித்தனர். அவற்றுள் ஒரு வில்லையின் தலைப்பைப் படிப்பவருக்கு அச்சப்பட ஒன்றுமில்லை என்றே தோன்றும். அதே வில்லையின் கடைசியில், அடுக்கடுக்கான குறிப்புகளுக்குக் கீழே, உண்மையான செய்தி கிடந்தது. சோதனைகளில் பயன்பட்ட நுரைத் துண்டு 3 கன அங்குலம். இங்கே மதிப்பிடப்பட்டதோ 1,920 கன அங்குலம். அறுநூற்று நாற்பது மடங்கு! பிப்ரவரி 1ஆம் நாள் தரையிறங்கும் வழியில் விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட எழுவரும் மாண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை, எட்வர்ட் டஃப்டி என்னும் அறிஞர் அந்த வில்லையைப் பகுத்துக் காட்டியதை எடுத்தாண்டு, தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதில் படவில்லைகளை நம்பும் நாசாவின் வழக்கத்தைக் கண்டித்தது. வில்லை மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. ஆயினும், தலைப்பில் இருக்க வேண்டிய வரி அடியில் கிடந்தது என்பது உண்மை. அந்த வரியை மேலே தூக்கி வைப்பவருக்குத்தான் நம் தொழிலில் சம்பளம்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இராபர்ட் காஸ்கின்ஸ் தலைமையில் உருவான பவர்பாயிண்ட், 1987 ஏப்ரலில் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் அதை 14 மில்லியன் டாலருக்கு வாங்கிக்கொண்டது. இன்றும் என் வேலையில் முக்கால் பங்கு அதில்தான் நடக்கிறது. அதில் 'ஸ்லைடு மாஸ்டர்' என்னும் தாய்வில்லையை ஒழுங்காக அமைக்கத் தெரிந்தவர் பாதித் தொழிலைக் கற்றவர். தலைப்பின் இடம், எழுத்தின் அளவு, சின்னம் ஆகியவற்றை அங்கே ஒருமுறை வைத்துவிட்டால் அறுபது வில்லையும் ஒரே ஒழுங்கில் நிற்கும். மாணவர்கள் ஒவ்வொரு வில்லையிலும் தலைப்பைக் கையால் இழுத்து வைப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கை வலிக்கிறது. 2013இல் வந்த கேன்வாவில் அழகான வார்ப்புகள் கிடைக்கின்றன. தலைப்பைச் சொன்னால் இருபது வில்லைகளைத் தானே செய்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இப்போது உண்டு. அந்த இருபதில் எந்தப் பதினான்கு வேண்டாம் என்று முடிவெடுக்க, கூட்டத்தில் யார் உட்காரப்போகிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இனித் தமிழுக்கு வருவோம். மலாயிலும் ஆங்கிலத்திலும் ஓரளவு ஒழுங்காக வில்லை செய்யும் அதே மாணவர், கழகத்தின் விழாவுக்குத் தமிழில் செய்யும்போது மட்டும் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுகிறார். சிவப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, ஒரு மூலையில் குத்துவிளக்கு, மறு மூலையில் மயில், நடுவில் நெரிந்துகொண்டு நம் மொழி. இதில் முழுப்பழியும் மாணவர் மீது இல்லை. கணினியில் தமிழ் பட்ட பாடு பெரிது. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். அதன் பின்னும் நெடுங்காலம் எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை என்றே இருந்தது. ஒரு கணினியில் தட்டியதை மற்றொன்றில் திறந்தால் புரியாத குறிகள்தாம் தெரியும். விண்டோஸ் 2000 யூனிகோடு தமிழையும் லதா எழுத்துருவையும் கொண்டுவந்த பிறகே அந்தத் தொல்லை குறையத் தொடங்கியது.

குறைந்ததே தவிர ஒழியவில்லை. 2007க்குப் பின் வந்த ஆபிஸ் வார்ப்புகளில் தமிழுக்கென்று லதாவே குறிக்கப்பட்டிருந்தது. ஆனால், விண்டோஸ் 10 முதல் லதா இயல்பாகக் கணினியில் இருப்பதில்லை. தனியாகச் சேர்க்க வேண்டும். இல்லாத கணினியில் நிர்மலா எழுத்துரு அவ்விடத்தை எடுத்துக்கொள்கிறது. இரண்டின் அகலமும் ஒன்றல்ல. விடுதி அறையில் இரண்டு வரியில் அடங்கிய தலைப்பு மண்டபத்தில் மூன்று வரியாகி, பிரமுகரின் படத்தின் மேல் ஏறி உட்கார்வது இதனால்தான். கோப்பைச் சேமிக்கும்போது எழுத்துருவையும் உள்ளே பதிக்கும் வசதி பவர்பாயிண்டிலேயே இருக்கிறது. கூடவே ஒரு பிடிஎஃப் படியும், மண்டபக் கணினியில் அரை மணி நேர ஒத்திகையும் இருந்தால் போதும்.

இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் சுழியும், கீழே 'கூ', 'ழு' போன்றவற்றின் வாலும் உள்ளதால் ஆங்கிலத்துக்குப் போதும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. தடித்த வடிவமே இல்லாத எழுத்துருவைக் கணினி தானாகத் தடிமனாக்கும்போது 'ண', 'ஞ' ஆகியவற்றின் உள்வெளி அடைபட்டுப்போகிறது. தடித்த வடிவம் தனியே வரைந்து தரப்பட்ட எழுத்துருவைத் தேடி எடுக்க வேண்டும். முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான், நோட்டோ எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்த பவனமும் கவிவாணரும்கூட அப்படித்தான். விழாத் தலைப்புக்குக் கவிவாணரின் கையெழுத்துச் சாயல் எனக்குப் பிடிக்கும். பத்தி முழுக்க அதில் இட்டால் கண் வலிக்கும்.

தமிழ் நீளமான மொழி, வில்லையில் அடங்காது என்று சொல்வோர் உண்டு. இதை நான் ஏற்க மாட்டேன். மலாயிலுள்ள நிகழ்ச்சி நிரலை வரிக்கு வரி மொழிபெயர்த்து 'அதிகாரப்பூர்வமாகத் தொடக்கிவைக்கும் நிகழ்வு' என்று எழுதினால் எந்த மொழிதான் அடங்கும்? 'தொடக்க விழா' என்று நம்மிடம் சொல் இருக்கிறதே! 'உச்சாப்பான் அலுவான்' இரண்டு சொல். 'வரவேற்புரை' ஒரே சொல். பரிசளிப்பு, நன்றியுரை, தேநீர் விருந்து எல்லாம் எவ்வளவு கச்சிதம்! தமிழில் யோசித்து எழுதினால் வில்லையில் இடம் மிஞ்சும். கட்டுரைப் போட்டிகளிலும் சுருக்கி வரைதலிலும் பயின்ற மாணவருக்கு இந்தத் தொழில் பொருந்தும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கழகங்கள் செய்யும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேடை, ஒலி, உணவு அனைத்தும் இரண்டு மாதத்துக்கு முன்பே பேசி முடிக்கப்படுகின்றன. படவில்லை மட்டும் விழாவுக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்கு, "அண்ணா, கொஞ்சம் பார்த்துக்கொடுங்கள், நம்ம தமிழ் நிகழ்ச்சிதானே" என்ற செய்தியோடு வருகிறது. ஆங்கில வேலைக்கு விலைப்புள்ளி கேட்கும் நிறுவன அதிகாரிகளும் தம் சங்கத்து வேலைக்கு அப்படித்தான் எழுதுகின்றனர். இலவசமாகச் செய்வதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், இலவசமாக வருவதைக் கடைசி இரவுக்குத் தள்ளும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. அரங்கில் முன்னூறு பேர் பார்க்கும் தமிழ் அந்தக் கடைசி இரவின் தமிழ். அவர்களில், தமிழ் படிக்க மட்டுமே தெரிந்த புதுமுக மாணவர்களும் உட்கார்ந்திருக்கின்றனர்.

வடிவமைப்பவரை ஏற்பாட்டுக் குழுவின் முதல் கூட்டத்துக்கே அழையுங்கள். கழகத்துக்கென்று ஒரு தாய்வில்லையை உருவாக்கி ஆண்டுதோறும் அடுத்த செயலவையிடம் ஒப்படையுங்கள். வரவு செலவுத் திட்டத்தில் மாலை, ஒலிபெருக்கி, உணவு என்று வரிகள் இருக்கின்றன அல்லவா? அவற்றோடு படவில்லைக்கும் ஒரு வரி சேர்த்து, அதன் எதிரே ஒரு தொகையை எழுதுங்கள். பிரமுகர்களுக்கு வாங்கும் பொன்னாடைகளில் இரண்டைக் குறைத்தாலே தொடக்கத்துக்குப் போதும்.