உங்கள் ஜிம் ட்ரெய்னர் எந்தத் தேர்வை எழுதியிருக்கிறார்? 'சி.எஸ்.சி.எஸ்.' சொல்லும் பாடம்

முதலில் ஒரு குட்டி க்விஸ். ஒருவர் 'பவர் க்ளீன்' செய்கிறார். அதாவது, தரையில் இருக்கும் பார்பெல்லை ஒரே வேகத்தில் இழுத்துத் தோள் உயரத்துக்குக் கொண்டுவருகிறார். அவருக்குத் துணையாக நிற்கும் ஸ்பாட்டர் எங்கே நிற்க வேண்டும்? முன்னாலா, பின்னாலா, பக்கத்திலா?

பதில்: எங்கேயும் நிற்கக் கூடாது. பவர் க்ளீன், ஸ்நாட்ச் மாதிரி வேகமாகத் தூக்கும் பயிற்சிகளுக்கு ஸ்பாட்டர் வைக்கக் கூடாது என்பதுதான் விதி. எடை கைமீறினால் தூக்குபவர் பாரைக் கீழே போட்டுவிட்டு விலக வேண்டும். நடுவில் ஒருவர் கை கொடுக்கப் போனால் இரண்டு பேருக்கும் அடி விழும். ஆனால் பெஞ்ச் பிரஸ், முதுகில் பார் வைத்துச் செய்யும் ஸ்குவாட் போன்றவற்றுக்கு ஸ்பாட்டர் வேண்டும். டம்பெல் பெஞ்ச் பிரஸ் என்றால், அவர் கை வைக்க வேண்டிய இடம் முழங்கை அல்ல, மணிக்கட்டுக்குப் பக்கம்.

"இதெல்லாம் அனுபவத்துல தானா வந்துடும் பாஸ்" என்று சிலர் சொல்வார்கள். வரும்தான். ஆனால் அந்த அனுபவம் வந்து சேர்வதற்குள் யாருடைய தோள்பட்டை போகும்? இந்தக் கேள்விக்காகத்தான் உலகம் முழுக்க ஸ்ட்ரெங்த் கோச்களுக்குத் தேர்வு வைக்கிறார்கள். அதில் அதிகம் மதிக்கப்படும் ஒன்று, சி.எஸ்.சி.எஸ். அதன் கேள்வித்தாள் நல்ல கேள்விகளைக் கேட்கிறது. ஆனால் அந்தக் கேள்விகள் நம் ஊர் ட்ரெய்னர்களில் பெரும்பாலானவர்களைச் சென்று சேரவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

அது என்ன சி.எஸ்.சி.எஸ்.?

விரித்துச் சொன்னால், 'சர்டிஃபைட் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் ஸ்பெஷலிஸ்ட்'. விளையாட்டு வீரர்களின் வலிமை, வேகம், தாங்கும் திறன் ஆகியவற்றை வளர்க்கும் கோச்களுக்கான சான்றிதழ். நடத்துவது, அமெரிக்காவில் 1978-ல் தொடங்கப்பட்ட என்.எஸ்.சி.ஏ. என்ற அமைப்பு. தேர்வு 1985-ல் இருந்து நடக்கிறது.

இதை எழுத மூன்று வருட, நான்கு வருட டிகிரி ஏதாவது ஒன்று வேண்டும். சி.பி.ஆர்., ஏ.ஈ.டி. பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். மாரடைப்பு வந்து விழுந்தவரின் நெஞ்சை எப்படி அழுத்துவது, ஷாக் கொடுக்கும் கருவியை எப்படி இயக்குவது என்பதுதான் அந்தப் பயிற்சி. இதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஆன்லைனில் வீடியோ பார்த்து வாங்கிய சி.பி.ஆர். சான்றிதழ் செல்லாது. நேரில் கையால் செய்து பழகியிருக்க வேண்டும்.

தேர்வு இரண்டு பகுதிகள். முதலாவது, அறிவியல் அடிப்படை: 95 கேள்விகள், ஒன்றரை மணி நேரம். தசை, எலும்பு, இதயம் எப்படி வேலை செய்கின்றன, விளையாட்டு உளவியல், சத்துணவு எல்லாம் இதில் வரும். இரண்டாவது, செயல்முறை: 125 கேள்விகள், இரண்டரை மணி நேரம். ஆக மொத்தம் 220 கேள்விகள், நான்கு மணி நேரம். ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாக 70 என்ற ஸ்கோரைத் தொட்டால்தான் பாஸ். ஒன்றில் 90 வாங்கி இன்னொன்றைச் சமாளிக்க முடியாது.

மனப்பாடம் உதவுமா?

முதல் பகுதிக்குக் கொஞ்சம் உதவலாம். இரண்டாவதில் 30 முதல் 40 கேள்விகள் வீடியோ, படங்களோடு வரும். ஒருவர் ஸ்குவாட் போடுவதைக் காட்டிவிட்டு, "இவர் என்ன தப்பு செய்கிறார், நீங்கள் என்ன சொல்லித் திருத்துவீர்கள்?" என்ற மாதிரி கேட்பார்கள். கண் பழகியிருந்தால்தான் பதில் வரும்.

இன்னொரு உதாரணம். ஒரே நாளில் ஒரு வீரருக்கு ஐந்தாறு டெஸ்ட் வைக்க வேண்டும். எதை முதலில் வைப்பீர்கள்? உயரம், எடை மாதிரி களைப்பே தராதவை முதலில். பிறகு வளைந்து திரும்பி ஓடும் வேகம், அடுத்து அதிகபட்ச வலிமை, பிறகு ஸ்பிரின்ட். மூச்சு வாங்கவைக்கும் நீண்ட ஓட்டம் கடைசியில். தலைகீழாக வைத்தால், களைத்துப் போன உடம்பின் எண்களை வைத்துக்கொண்டு "உனக்கு ஸ்ட்ரெங்த் பத்தாது" என்று ஒரு நல்ல வீரரை ஒதுக்கிவிட நேரும்.

எடைக் கணக்கும் இப்படித்தான். ஒருவரால் ஒரே ஒரு தடவை தூக்க முடிந்த அதிகபட்ச எடை 100 கிலோ என்று வையுங்கள். அவருக்கு வலிமை கூட வேண்டுமானால் 85 கிலோ அல்லது அதற்கு மேல், ஆறு ரெப்ஸுக்குள். செட்டுகளுக்கு நடுவே இரண்டு முதல் ஐந்து நிமிடம் ஓய்வு. தசையின் அளவு கூட வேண்டுமானால் 67 முதல் 85 கிலோ, 6 முதல் 12 ரெப்ஸ், ஒன்றரை நிமிடத்துக்குள் ஓய்வு. "ரெஸ்ட் எடுக்காத, அடுத்த செட் போடு" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கத்துவது கோச்சிங் ஆகாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

2011 ஜனவரி. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர்கள் விடுமுறை முடிந்து திரும்புகிறார்கள். அவர்களுக்குக் கொடுத்த பயிற்சியில் ஒன்று, தங்கள் அதிகபட்ச எடையில் பாதியை வைத்து 100 ஸ்குவாட். அதுவும் நேரம் குறித்து. அடுத்த சில நாட்களில் 13 வீரர்கள் மருத்துவமனையில். பிரச்னையின் பெயர் 'ரேப்டோமயோலிசிஸ்'. தசை செல்கள் உடைந்து, உள்ளே இருக்கும் புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை. சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போவது இதன் முக்கிய அறிகுறி. பல்கலைக்கழகம் அமைத்த குழு, வீரர்கள் மேல் தப்பில்லை, அந்தப் பயிற்சியையே கைவிடுங்கள் என்று சொன்னது.

2018-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் கொடுமை. ஜோர்டன் மெக்நேர், வயது 19. மே 29 அன்று அணியின் ஓட்டப் பயிற்சியில் வெப்பத் தாக்கு ஏற்பட்டுச் சரிந்தார். ஜூன் 13 அன்று இறந்தார். அவருடைய உடல் வெப்பநிலையை அங்கே யாரும் அளக்கவில்லை, குளிர்ந்த நீரில் அமிழ்த்தி உடம்பைக் குளிர்விக்கவும் இல்லை என்று விசாரணை சொன்னது. வெப்பத் தாக்குக்கு உடனே செய்ய வேண்டிய முதலுதவியே அதுதான்.

2019-ல் என்.எஸ்.சி.ஏ.வும் கல்லூரி ஸ்ட்ரெங்த் கோச்கள் சங்கமும் சேர்ந்து ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டன. ஓட்டம் போன்ற கண்டிஷனிங் பயிற்சியில், நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் வீரருக்கு முதல் வாரம் பயிற்சி அளவை 50 சதவீதம் குறைக்க வேண்டும். அடுத்தடுத்த வாரங்களில் 30, 20, 10 சதவீதம் குறைப்பு. நான்கு வாரம் கழித்துத்தான் முழு அளவு. பொங்கல் லீவ் முடிந்து ஜிம்முக்குத் திரும்பியவரிடம், "லீவ்ல தின்னதை எல்லாம் இன்னைக்கே எரிச்சிடலாம்" என்று சொல்லும் ட்ரெய்னரை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அப்போ சர்டிபிகேட் இருந்தால் போதுமா?

போதாது. நான் சொன்ன இரண்டு சம்பவங்களும் முழுநேர ஸ்ட்ரெங்த் கோச்கள் இருக்கும் பெரிய பல்கலைக்கழகங்களில் நடந்தவை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதல் டிவிஷனில், 2015 முதல் ஸ்ட்ரெங்த் கோச்களுக்கு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ் கட்டாயம். அதற்குப் பிறகும் ஒரு 19 வயதுப் பையன் இறந்தான். ஒருவருக்குத் தெரியுமா என்பதைத்தான் தேர்வால் சோதிக்க முடியும். ஹெட் கோச் முறைக்கும்போது "போதும், நிறுத்துங்க" என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருக்கிறதா என்பதைச் சோதிக்க முடியாது.

சரி, அப்படியானால் தேர்வே வேண்டாமா? வேண்டும். எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவரால்தான் அந்தத் தைரியத்தையே காட்ட முடியும். தெரியாதவருக்கு நிறுத்தத் தோன்றவே தோன்றாது. வீரருக்கு மட்டுமல்ல, மாலை ஏழு மணிக்கு ஆபீஸ் முடித்து, ஏழு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்த இடுப்போடு ஜிம்முக்கு வரும் நமக்கும் இது பொருந்தும்.

நம்ம ஊர் நிலவரம் என்ன?

இந்தியாவில் ஜிம் ட்ரெய்னராக வேலை பார்க்க அரசு லைசென்ஸ் எதுவும் கட்டாயம் இல்லை. அமெரிக்காவிலும் இது அரசு லைசென்ஸ் கிடையாது. ஆனால் அங்கே வேலைக்கு எடுப்பவர்கள் சான்றிதழைக் கேட்கிறார்கள். இங்கே பல இடங்களில் பைசெப்ஸ்தான் ரெஸ்யூமே. தன் உடம்பை நன்றாக வளர்த்தவருக்கு அடுத்தவர் உடம்பையும் வளர்க்கத் தெரியும் என்று நாமே நம்பிவிடுகிறோம்.

நம்மிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. 2011 உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு இருந்த ஸ்ட்ரெங்த் கோச் ராம்ஜி ஸ்ரீனிவாசன் சென்னைக்காரர். பிறகு விராட் கோலி காலத்து இந்திய அணிக்குப் பயிற்சி கொடுத்த சங்கர் பாசுவும் சென்னைதான். இது ஒரு முழுமையான கரியர் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

ஆனால் எல்லோராலும் அந்த வாசலுக்குள் போக முடிவதில்லை. யோசித்துப் பாருங்கள். பி.காம். முடித்துவிட்டு ஆறு மாதம் புத்தகம் படித்தவர் சி.எஸ்.சி.எஸ். எழுதலாம். ப்ளஸ் டூவோடு படிப்பை விட்டு, பன்னிரண்டு வருடமாக ஆயிரம் பேருக்கு ஸ்குவாட் சொல்லிக்கொடுத்தவர் எழுத முடியாது. பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு அதே அமைப்பு தனியாக ஒரு பர்சனல் ட்ரெய்னர் தேர்வு வைத்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கட்டணம் டாலரில். படிக்க வேண்டிய புத்தகம் கனமான ஆங்கிலத்தில். தமிழில் எழுத வழி இல்லை. சி.எஸ்.சி.எஸ்.ஸுக்கு 2030 முதல், அங்கீகாரம் பெற்ற ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் படிப்பில் டிகிரி கேட்கப்போவதாகவும் என்.எஸ்.சி.ஏ. அறிவித்திருக்கிறது. தரம் உயரும். வாசல் இன்னும் சுருங்கும்.

ஜப்பானில் இதே சி.எஸ்.சி.எஸ்.ஸை ஜப்பானிய மொழியிலேயே எழுதுகிறார்கள். ஒரு ஸ்பாட்டர் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள ஆங்கிலம் எதற்கு? சென்னைக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலையில் இருக்கும் ட்ரெய்னர்களுக்காகத் தமிழில் ஒரு பாடத்திட்டம், தமிழில் ஒரு கேள்வித்தாள், வீடியோ பார்த்துத் தப்பைக் கண்டுபிடிக்கும் ஒரு செயல்முறைத் தேர்வு, நேரில் கற்றுத்தரும் சி.பி.ஆர். இதை எல்லாம் அரசு அங்கே தொடங்கலாம். டிகிரி கேட்க வேண்டாம். கேள்விகளின் கடினத்தை மட்டும் ஒரு துளிகூடக் குறைக்க வேண்டாம். பன்னிரண்டு வருட அனுபவக்காரரும் உட்கார்ந்து எழுதட்டும். பாஸ் ஆனால் அவருக்குச் சம்பளம் பேச ஒரு காகிதம் கிடைக்கும். ஃபெயில் ஆனால் எதைப் படிக்க வேண்டும் என்று தெரியும்.

அதுவரை நாம் என்ன செய்யலாம்?

பர்சனல் ட்ரெய்னிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. என்ன சான்றிதழ் வைத்திருக்கிறீர்கள், எப்போது புதுப்பித்தீர்கள்? சி.எஸ்.சி.எஸ். உட்பட நல்ல சான்றிதழ்கள் ஆயுளுக்கும் செல்லுபடி ஆகாது. சி.எஸ்.சி.எஸ். வாங்கியவர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை தொடர்கல்விப் புள்ளிகளைக் காட்ட வேண்டும்.

2. சி.பி.ஆர். தெரியுமா? நேரில் பழகியிருக்கிறீர்களா?

3. என் பழைய அடி, பி.பி., சுகர், சாப்பிடும் மாத்திரை பற்றிக் கேட்க மாட்டீர்களா? முதல் நாளே இதைக் கேட்காமல் எடை கொடுக்கிறவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

4. எனக்கு வலி வந்தால் என்ன செய்வீர்கள்? "வலி போகப் போகச் சரியாயிடும்" என்பவரை விட, "நிறுத்திடுவேன், டாக்டரைப் பார்க்கச் சொல்லுவேன்" என்பவர் மேல்.

இதைக் கேட்பது அவரை அவமானப்படுத்துவது ஆகாது. டிரைவிங் ஸ்கூலில் சேரும்போது சொல்லிக்கொடுப்பவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்க்கிறோம் இல்லையா? கேட்கிறவர்கள் கூடக் கூட, ஜிம் ஓனர்களும் சம்பளம் போடும்போது படித்தவரையும் படிக்காதவரையும் பிரித்துப் பார்க்க வேண்டி வரும். ராத்திரி கண் விழித்துத் தசைகளின் பெயரைப் படிக்கும் ட்ரெய்னருக்கு அதைவிடப் பெரிய உதவி நம்மால் செய்ய முடியாது.