உள்ளம் நாடும் துறை

"எதிர்காலத்தில் நீ என்னவாக விரும்புகிறாய்?" என்னும் வினாவை எதிர்கொள்ளாத மாணவர் இலர். தொடக்கப் பள்ளியில் இவ்வினா எழும்போது குழந்தைகள் தயக்கமின்றி விடை கூறுகின்றனர். மேனிலைப் பள்ளியை எட்டியதும் அவ்விடையின் குரல் தாழ்கிறது. கல்லூரி வாயிலில் வந்து நிற்கும்போது பலரிடம் சொந்த விடையே இருப்பதில்லை. பெற்றோரின் விடையோ, அண்டை வீட்டாரின் விடையோ, மதிப்பெண் பட்டியல் தரும் விடையோதான் அவர்தம் நாவில் ஒலிக்கிறது. வயது வளர, அறிவும் வளர்கிறது. தன்னைப் பற்றிய தெளிவு மட்டும் ஏன் தேய்ந்துகொண்டே வருகிறது?

தமிழ் இலக்கிய வகுப்பில் சேரும் மாணவருள் ஒரு சாரார் விரும்பி வருகின்றனர். மற்றொரு சாரார் வேறு துறையில் இடம் கிடைக்காமையால் வருகின்றனர். இது நாம் அனைவரும் அறிந்த உண்மை, மறைப்பதால் பயனில்லை. இந்த இரண்டாம் சாராரையும், அவர்தம் பெற்றோரையும் மனத்திற் கொண்டே இக்கருத்துகளை எழுதுகிறோம். விரும்பியது கிடைக்கவில்லையே என்று வருந்தும் மாணவரிடம், "நீ விரும்பியது உண்மையில் எது?" என்று கேட்டால் அவர் திகைக்கின்றார். அத்திகைப்பை நீக்குவதே கல்வியின் தலையாய பணிகளுள் ஒன்று என்பது நம் கருத்து.

ஆசை வேறு, நாட்டம் வேறு

ஒரு தொழிலால் வரும் பொருளையும் புகழையும் விரும்புதல் ஆசை. அத்தொழிலின் அன்றாட உழைப்பையே விரும்புதல் நாட்டம். மருத்துவராக வேண்டும் என்போர் பலர். நள்ளிரவில் நோயாளியின் அருகில் விழித்திருக்க விரும்புவோர் சிலர். கவிஞர் எனப் பெயர் பெற விழைவோர் பலர். ஒரு சொல்லுக்காக ஒரு நாள் முழுதும் காத்திருப்போர் மிகச் சிலர். மேடையை விரும்புகிறோமா, மேடைக்கு முந்தைய தனிமையான உழைப்பை விரும்புகிறோமா என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். இந்த ஒரு வினாவே பல மயக்கங்களைத் தீர்க்கவல்லது.

தேடுவோர்க்கே புலப்படும்

நாட்டம் என்பது பிறவியிலேயே முழு உருவோடு நெஞ்சில் அமர்ந்திருக்கும் என்றும், ஒரு நாள் திடீரெனக் கண்விழிக்கும் என்றும் இளைஞர் பலர் நம்புகின்றனர். சான்றோர் வரலாறு அவ்வாறு கூறவில்லை.

டாக்டர் உ.வே.சாமிநாதையரை எடுத்துக்கொள்வோம். 1855-இல் பிறந்த அவருடைய தந்தையார் இசைவாணர். மகனும் இசையில் சிறக்க வேண்டும் என விழைந்தார். உற்றாரும் உறவினரும் பொருள் தரும் வேறு கல்வியை நாடுமாறு கூறினர். அவர் உள்ளமோ தமிழையே நாடியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராக அமர்ந்தார். 1876-இல் ஆசிரியர் மறையும்வரை அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் எனப் பாடங்கேட்டார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். விரும்பிய துறை, விரும்பிய பணி என அனைத்தும் கைகூடிவிட்டதாகவே எவரும் கருதியிருப்பர்.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். கற்ற நூல்களை ஐயர் அடுக்கிக் கூற, முதலியார் அவற்றிற்கும் முற்பட்ட நூல்களைப் பற்றி வினவினார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்னும் கேள்விக்கு ஐயரிடம் விடையில்லை. அந்நூலின் ஏட்டைப் பெற்றுப் படிக்கத் தொடங்கியபோதுதான் தாம் அறியாத ஒரு தமிழுலகம் இருப்பதை உணர்ந்தார். சைவச் சூழலில் வளர்ந்த அவர் சமண நூலின் நுட்பங்களைச் சமணரிடமே சென்று கேட்டறிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. 1942-இல் மறையும்வரை அப்பணி ஓயவில்லை.

இதில் நாம் கற்க வேண்டுவது யாது? துறையைத் தேர்ந்துகொண்ட பின்னரும் அத்துறைக்குள் தமக்கெனக் காத்திருக்கும் பணியைக் காண ஐயருக்குச் சில ஆண்டுகள் தேவைப்பட்டன. அவர் கற்ற அந்தாதியும் கலம்பகமும் வீண்போகவில்லை. அப்பயிற்சி இல்லையேல் சிதைந்த ஏட்டைப் படிக்கும் திறன் வாய்த்திராது. ஆகவே, முதலாண்டு மாணவர் ஒருவர் தம் நாட்டம் இன்னும் புலப்படவில்லையே எனக் கலங்குதல் வேண்டா. கையிலுள்ள பாடத்தைச் செவ்வனே பயில்பவர்க்கே அடுத்த கதவு திறக்கும்.

ஒரு குருவி காட்டிய வழி

பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1896-இல் பம்பாயில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு வியந்தார். அஃது எவ்வகைக் குருவி என்று அறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றார். அங்கிருந்த மில்லார்ட் என்னும் ஆங்கிலேயர் சிறுவனை ஏளனம் செய்து விரட்டவில்லை. பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த பறவைகளைப் பொறுமையாக எடுத்துக் காட்டினார். ஒரு பெரியவர் ஒரு சிறுவனுக்கு ஒதுக்கிய அந்தச் சிறு பொழுது, இந்தியப் பறவையியலின் போக்கையே மாற்றிற்று.

அதன் பின் அவர் பாதை மலர் விரிப்பாக அமைந்ததா எனில், இல்லை. கல்லூரிப் படிப்பு இடையில் நின்றது. குடும்பத் தொழிலைக் கவனிக்கப் பர்மாவுக்குச் சென்றார். அங்கும் பறவைகளையே நாடினார். முறையான பட்டம் இன்மையால் விரும்பிய பதவி கிட்டவில்லை. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் பணி கிடைத்தது. விடுப்பெடுத்துக்கொண்டு ஜெர்மனி சென்று பெர்லினில் பறவையியல் பயின்று திரும்பியபோது, அப்பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

வேலையற்ற அக்காலத்தில் அவர் கடலோரச் சிற்றூராகிய கிஹிமில் தங்கினார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதை நாள்தோறும் கூர்ந்து நோக்கிக் குறித்தார். அந்த ஆய்வே அவருக்கு அறிஞருலகில் பெயர் தந்தது. 1941-இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய அவர் நூல் பல பதிப்புகளைக் கண்டது. 1976-இல் பத்ம விபூஷண் விருது அவரை நாடி வந்தது. கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் அமைந்த பறவையியல் ஆய்வு மையம் இன்றும் அவர் புகழைப் பேசுகிறது. இவ்வளவிற்கும் துணை நின்றவர் அவர்தம் துணைவியார் தெஹ்மினா அவர்கள். வசதிகளைத் துறந்து கணவரின் நாட்டத்தைத் தம் நாட்டமாக ஏற்றுக்கொண்ட அப்பெருமாட்டியை நாம் மறத்தல் ஆகாது.

வேலை போன பின்னும், ஊதியம் இல்லாதபோதும், பார்ப்பார் எவரும் இன்றியும் ஒருவர் எதனை விடாமல் செய்கிறாரோ, அதுவே அவருடைய நாட்டம். இதனினும் சிறந்த உரைகல்லை நாம் அறியோம்.

அடைபட்ட கதவும் திறந்த வழியும்

இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களின் கனவு வானில் பறப்பது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபோது, தம் கனவுக்குரிய வழி பொறியியலே எனக் காலந்தாழ்ந்து உணர்ந்தார். சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேரப் பணம் இல்லாதபோது, அவர் தமக்கை தம் பொன் நகைகளை அடகு வைத்துத் தந்தார். படிப்பு முடிந்து விமானப் படைத் தேர்வுக்காக டேராடூன் சென்றார். தேவைப்பட்டோர் எண்மர், கலாம் பெற்ற இடமோ ஒன்பது.

ஓர் இடத்தில் தவறியது கனவு. ஆயினும் அவர் வானத்தை விட்டு விலகவில்லை. ஓட்டும் வாய்ப்பு இல்லையேல் உருவாக்கும் பணி உண்டு என்று துணிந்தார். 1980 ஜூலையில் அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் ரோகிணிச் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. 2006-இல், நாட்டின் குடியரசுத் தலைவராக, எழுபத்து நான்காம் வயதில், சுகோய் போர் விமானத்தில் பறந்தார். ஒரு பதவியையே கனவு எனக் கொண்டோர், அப்பதவி கிட்டாதபோது நொறுங்கிப்போகின்றனர். ஒரு துறையின்பால் நாட்டம் கொண்டோர்க்கோ அதனுள் வேறு வாயில்கள் உண்டு. மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை என்று வாழ்வையே வெறுக்கும் பிள்ளைகள் இதனைச் சிந்தித்தல் நலம்.

கடமைச் சுமை உடையோர்க்கு

"இவையெல்லாம் பெரியோர் கதைகள், எங்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டாவா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் சமுதாயத்தில் தந்தையை இழந்து, தங்கையரின் திருமணத்தைத் தோளில் சுமந்து, பட்டம் பெற்ற கையோடு சபர் செல்லும் இளைஞர் எத்தனை பேர்! அவர்களிடம் சென்று, 'அனைத்தையும் உதறிவிட்டுக் கனவின் பின் செல்க' என்று கூறுதல் பொறுப்பற்ற அறிவுரை. பசித்த குடும்பத்தைக் கைவிட்டுப் பெறும் வெற்றியில் நிறைவு இராது.

இவர்களுக்கு நாகூரில் 1921-இல் பிறந்த நீதிபதி மு.மு. இஸ்மாயீல் அவர்களை நினைவூட்ட விரும்புகிறோம். சட்டமே அவர் தொழில். 1979 முதல் 1981 வரை சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கினார். ஆனால், தமிழுலகம் அவரைப் போற்றுவது கம்பனில் தோய்ந்த அறிஞராக. சென்னைக் கம்பன் கழகத்தை வழிநடத்தியும், கம்பன் காவியத்தை ஆராய்ந்து நூல்கள் எழுதியும் 2005-இல் மறையும்வரை தொண்டு புரிந்தார். தொழில் சோறிட்டது, நாட்டம் வாழ்வுக்குப் பொருள் தந்தது. இரண்டும் ஒன்றாக அமைதல் பேறு. அமையாவிடின் இரண்டையும் அருகருகே வளர்த்தல் திறமை. பாலைவன நாட்டில் பணி முடிந்து அறைக்குத் திரும்பும் இளைஞரும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தமக்கென ஒதுக்க இயலும். அந்த ஒரு மணி நேரத்தை இழந்தோரே உண்மையில் ஏழையர்.

பெண்மக்களின் கனவு

ஆண்மக்களிடம் கேட்கும் கேள்வியைப் பெண்மக்களிடம் நாம் கேட்கிறோமா? "என்னவாக விரும்புகிறாய்?" என்பதற்கு மாறாக, "எப்போது படிப்பு முடியும்?" என்பதே அவர்கள் செவியில் விழும் வினா. நாகூரில் வாழ்ந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் மூன்றாம் வகுப்பளவே பள்ளிக் கல்வி பெற்றவர். அவர் 1938-இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை வழங்கியவர் டாக்டர் உ.வே.சா. மூன்று வகுப்பே பயின்று வீட்டிற்குள் வாழ்ந்த ஒரு பெண்ணின் எழுத்தை முதுபெரும் அறிஞர் மதித்துப் போற்றினார் எனில், பட்டம் பெற்ற நம் பெண்மக்களின் திறனை நாமே மதியாமல் இருப்பது முறையா? தங்கப் பதக்கம் பெற்ற மாணவியின் சான்றிதழ் பெட்டிக்குள் உறங்குவது அவ்வீட்டிற்கு மட்டுமன்றிச் சமுதாயத்திற்கும் இழப்பேயாகும். திறன் என்பது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மகனிடம் இருந்தாலும் மகளிடம் இருந்தாலும் அதனைப் பேணுதல் நம் பொறுப்பு.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும்

பெற்றோர் தம் நிறைவேறாத ஆசைகளைப் பிள்ளைகளின் தோளில் ஏற்றுதல் கூடாது. அதே வேளையில் பிள்ளையின் ஒவ்வொரு விருப்பத்தையும் நாட்டமெனக் கொண்டு ஆடுதலும் வேண்டா. ஓராண்டேனும் அவ்விருப்பம் நிலைத்து நிற்கிறதா, அதற்காகப் பிள்ளை எதனையேனும் விட்டுக்கொடுக்கிறதா என்று நோக்குக. நிலைத்து நிற்குமாயின் துணை நிற்க.

ஆசிரியராகிய நமக்கும் இதில் பங்குண்டு. மாணவன் ஒரு குருவியைக் கையில் ஏந்தி வருகிறான். அஃது ஒரு கவிதையாகவோ, விடையறியா வினாவாகவோ, கையெழுத்து இதழாகவோ இருக்கலாம். பாடத்திட்டத்தில் இல்லை என்று அவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறோமா, மில்லார்டைப் போல அலமாரியைத் திறந்து காட்டுகிறோமா?

மாணவச் செல்வங்களே! வகுப்பில் எந்தப் பாடவேளை விரைந்து கழிகிறது என்று கவனியுங்கள். தேர்வுக்குத் தேவையில்லாதிருந்தும் எதனைத் தேடிப் படிக்கிறீர்கள் என்று குறித்து வையுங்கள். நூலகத்தில் பாடநூல் அடுக்கைத் தாண்டி அடுத்த அடுக்குக்குச் செல்லுங்கள். அத்துறையில் உழைத்தோரை நாடிச் சென்று வினவுங்கள். விரும்பியதை ஆறு திங்கள் விடாது செய்து பாருங்கள். சலித்தால் அதனை விட்டு வேறொன்றைத் தேடுவதில் இழுக்கில்லை. சலிக்காவிடின் அதனை இறுகப் பற்றிக்கொள்ளுங்கள். வேறிடம் கிடைக்காமல் இவ்வகுப்பிற்கு வந்தவர்களே, வந்த காரணம் எதுவாயினும் ஆகுக. நீங்கள் அமர்ந்திருக்கும் இவ்விருக்கைக்கு அருகிலேயே உங்களுக்குரிய ஏடு ஒன்று பிரிக்கப்படாமல் கிடக்கலாம். அதனைக் கையில் எடுங்கள்.