பறித்த வாக்கும் பெற்ற வாக்கும்

உடைமை ஏதுமில்லா ஏழையிடத்தும் ஆள்வோர் அஞ்சத்தக்க உடைமை ஒன்று உண்டு. அதுவே வாக்குரிமை. அதன் அருமையை நூல்வழி அறிந்தோர் பலர். இழந்து அறிந்தோர் சிலர். நீலமலையின் தேயிலைத் தோட்டங்களில் வாழும், ஈழத்து மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர் அச்சிலருள் தலையாயவர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் காடு திருத்தவும் கொழுந்து கிள்ளவும் கடல் கடந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் அவர்கள். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கைத் தோட்டத் தொழிலாளரும் வாக்களித்தனர். தம்மவர் சிலரை நாடாளுமன்றத்திற்கும் அனுப்பினர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் குடிகளுக்கே வாக்கு என்னும் தேர்தற் சட்டத் திருத்தம் தொடர்ந்தது. வாளெடுத்தார் எவருமில்லை, வீடு எரித்தார் எவருமில்லை. தாளில் எழுதிய சில வரிகளே ஒரு மக்கட் கூட்டத்தை நாடற்றோராக்கின. இக்கொடுமையை ஏற்க மறுத்தே செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து, 1949-இல் தமிழரசுக் கட்சியைக் கண்டார்.

பின்னர் 1964-இல் சிறீமாவோவும் சாத்திரியும் உடன்படிக்கை செய்தனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை தருவது என்பது முடிவு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இருநாடும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அவர்களுள் எவரையும் கேட்டு இம்முடிவு எடுக்கப்படவில்லை. வாக்கில்லாதவனை யார் கேட்பார்? இப்படித் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவருட் பல்லாயிரவர் குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளிற் குடியேறினர். அவர்கட்கு வேலை தரவே தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்கள் விரிவாக்கப்பட்டன.

இன்றும் அவர்களை ஊரார் 'சிலோன்காரர்' என்றே அழைக்கின்றனர். அப்பெயரைச் சட்டம் அறியாது. உடன்படிக்கையின்படி இந்தியக் குடியாகப் பதிவு பெற்று வந்தவர், பிற குடிகளோடு எல்லா உரிமையிலும் ஒத்தவர். 1983-க்குப் பின் போருக்கு அஞ்சி வந்து முகாம்களில் வாழும் ஏதிலியர் நிலை வேறு. குடியுரிமை பெறாதவர்க்கு வாக்கில்லை. ஆயினும், இந்திய மண்ணில் 1987 சூலை 1-ஆம் நாளுக்கு முன் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியக் குடியே என்பது சட்டம். இவ்வேறுபாட்டை அறியாது எல்லாரையும் ஒருகோலால் அளப்பது அறியாமை.

வாக்காளராகப் பதிய வேண்டிய தகுதிகள் மிகச் சிலவே. இந்தியக் குடியாயிருத்தல் வேண்டும். 18 அகவை நிறைந்திருத்தல் வேண்டும். அத்தொகுதியில் இயல்பாக வாழ்பவராயிருத்தல் வேண்டும். நிலம் வேண்டா, கல்வி வேண்டா. குடவோலை முறையைப் பாடும் உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டித் தமிழர் பெருமை கொள்வதுண்டு. பத்தாம் நூற்றாண்டின் அக்கல்வெட்டு, ஓலையிற் பெயரெழுதப் பெறுவோர்க்கு வரி செலுத்தும் கால்வேலி நிலத்திற்கு மேல் வேண்டும் என்றது. சொந்த மனையில் வீடு வேண்டும் என்றது. வடமொழி மறைப் பயிற்சியும் வேண்டும் என்றது. அவ்வளவுகோலால் அளந்தால் தோட்டத் தொழிலாளி எவரும் தேறார். இன்றோ தோட்டத்தாருக்கு உரிய 'லைன்' வீட்டில் வாழ்பவருக்கும் ஒரு வாக்கு. தோட்ட உரிமையாளருக்கும் ஒரே வாக்கு. வீடு யாருடையது என்று சட்டம் கேட்பதில்லை. வாழ்வது யார் என்றே கேட்கின்றது.

தகுதி மட்டும் போதாது. பட்டியலிற் பெயர் வேண்டும். அடையாள அட்டை கையிலிருந்தும் பெயர் பட்டியலில் இல்லையேல் வாக்கில்லை. பெயர் சேர்க்கப் படிவம் 6. குடிபெயர்ந்தாலும் பிழை திருத்தவும் படிவம் 8. அகவைக் கணக்கிற்குச் சனவரி, ஏப்பிரல், சூலை, அத்தோபர்த் திங்கள்களின் முதல் நாட்கள் கொள்ளப்படுகின்றன. வேட்புமனுவின் கடைசி நாள் கடந்தால், அத்தேர்தல் முடியும்வரை பெயர் சேர்க்க இயலாது. 2025 நவம்பரில் தமிழகத்தில் தொடங்கிய தீவிரத் திருத்தத்தின்போது, கணக்கெடுப்புப் படிவத்தைத் திருப்பித் தராதவர் பெயர் வரைவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆகவே, 'போன தேர்தலில் போட்டேனே' என்னும் நம்பிக்கை போதாது. வேலை ஓய்வு பெற்றுத் தோட்ட வீட்டை விட்டிறங்குவோரும், பிழைப்புக்குத் திருப்பூர், கோவை சென்று நிலைத்துவிட்ட இளைஞரும் இதிற் கருத்தூன்றுதல் இன்றியமையாதது. ஈரிடத்திற் பெயர் வைத்திருப்பதும் சட்டப் பிழையே.

வாக்குநாளில் கூலி போகுமே என்னும் அச்சம் தோட்டங்களில் இயல்பு. அது வேண்டாத அச்சம். நாட்கூலியர் உள்ளிட்ட தொழிலாளர்க்கு அன்று கூலியோடு கூடிய விடுப்புத் தரவேண்டும் என்கிறது மக்கள் சார்பாண்மைச் சட்டத்தின் 135ஆ பிரிவு. மீறும் முதலாளிக்கு 500 உருபா வரை தண்டம் உண்டு. அட்டை தொலைந்தவர் ஆதார், படமொட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், ஊரக வேலையுறுதி அட்டை போன்றவற்றுள் ஒன்றைக் காட்டலாம். மலைப்பாதை ஏற இயலாத, 85 அகவை கடந்த முதியோர் முன்னரே விண்ணப்பித்து வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம்.

சாவடியுள் நடப்பது எளிது. முதல் அலுவலர் பெயரைச் சரிபார்ப்பார். இரண்டாமவர் இடக்கைச் சுட்டுவிரலில் மையிட்டுக் கையொப்பமோ கைந்நாட்டோ பெறுவார். மூன்றாமவர் வாக்குப்பொறியைத் திறந்துவிடுவார். மறைவிடத்தில், விரும்பும் வேட்பாளர் பெயருக்கு நேரான நீலக் குமிழை அழுத்தினால் செவ்விளக்கு எரியும், ஒலி எழும், பக்கத்துப் பெட்டியில் ஒப்புகைச் சீட்டு 7 நொடி தெரியும். தம் பெயரில் வேறொருவர் முன்பே வாக்கிட்டிருப்பின் வாய்மூடித் திரும்ப வேண்டா; 'ஆய்வுக்குரிய வாக்கு'ச் சீட்டைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு.

வேட்பாளர் ஊர்தி வைத்து வாக்காளரை ஏற்றிச் செல்வதும், பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். அதனினும் பெரிது மானக்கேடு. கடல் கடந்த மண்ணில் ஒரு தலைமுறை முழுதும் கேட்டும் கிடைக்காத ஒன்றை, ஒருநாட் செலவுக்கு விற்பதற்கு என்ன பெயரிடுவது?

இலங்கையில் எஞ்சிய மலையகத் தமிழருள் குடியுரிமையற்றிருந்தோர் அதனை முழுமையாகப் பெறச் சட்டம் வந்தது 2003-இல். 1948-இல் பறித்ததை மீட்க 55 ஆண்டுகள் ஆயின. நீலமலைத் தோட்டத்து மகனோ மகளோ 18 நிறைந்ததும் ஒரு படிவத்தில் பெறுவது, அவர்தம் பாட்டனார் கேட்டும் பெறாத அவ்வுரிமையையே. தோட்டந்தோறும் எழுத்தறிந்த தமிழர் நால்வர் சேர்ந்து, பட்டியலை உரக்கப் படித்து, விடுபட்ட பெயர்களைக் குறித்தெடுத்தல் வேண்டும். தமிழ்த் தொண்டு என்பது மேடையில் மட்டும் செய்வதன்று. தமிழன் பெயர் பட்டியலிற் பிழையின்றி நிற்கச் செய்வதும் அதுவே.