கால் கழுவி வருக!

பூகோளப் படத்தில் தென் அமெரிக்காவின் அடிமுனைக்குக் கிழக்கே விரலை நகர்த்தினால் பாக்லாந்துத் தீவுகள் வரும். அங்கிருந்து தென்கிழக்காக இன்னும் ஏறக்குறைய 860 மைல் போனால், சமுத்திரத்தின் நடுவே பிறைபோல் வளைந்து கிடக்கிறது தென் ஜார்ஜியா என்னும் தீவு. நீளம் நூறு மைலுக்குச் சற்று அதிகம். நடுவில் பனிமலைகள், அவற்றிலிருந்து கடல் வரை இறங்கும் பனியாறுகள். மரம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. நிரந்தரக் குடிஜனங்களும் இல்லை. சில உத்தியோகஸ்தர்களும் விஞ்ஞானிகளுமே முறை வைத்து வந்து தங்குகிறார்கள். விமானம் இறங்க இடமில்லையாதலால் கப்பலில்தான் போகவேண்டும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு அங்கே போவானேன் என்று கேட்கலாம். பறவைகளைப் பார்க்கத்தான் போகிறார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடா என்னும் ஒரே கரையில் ராஜ பென்குவின்கள் லட்சக்கணக்கில் கூடுகின்றன. மூன்றடி உயரம்; கழுத்தோரத்தில் பொன்னிறப் பட்டை; கச்சேரிக்குக் கிளம்பிய வித்வானைப் போன்ற கம்பீரமான நடை. இந்தப் பட்சி கூடு கட்டுவதில்லை. ஒரே முட்டையைத் தன் பாதங்களின்மேல் ஏந்தி, வயிற்றின் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு, தாயும் தகப்பனும் மாறி மாறி ஏறக்குறைய 54 நாள் அடைகாக்கின்றன. குஞ்சு வளர்ந்து கடலில் இறங்க ஒரு வருஷத்துக்கும் மேலாகிறது. ஆகையால் ஒரு தம்பதிக்கு மூன்று வருஷத்தில் அதிகமாய்ப் போனால் இரண்டு குஞ்சுகள். இரை தேடப் போன தாய் திரும்பி வரும்போது, ஒரே மாதிரி கபில நிறக் கம்பளி போர்த்த ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்கு நடுவே, குரலைக் கொண்டே தன் குழந்தையைக் கண்டுபிடித்துவிடுகிறது.

ஆனால் பிரயாணிகள் நினைத்தபடி இறங்கிவிட முடியாது. 500 பேருக்கு மேற்பட்ட பிரயாணிகள் உள்ள கப்பல்களுக்கு இறங்க அனுமதியே கிடையாது. சிறிய கப்பலிலிருந்தும் ஒரே சமயத்தில் நூறு பேருக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. பூட்ஸுகளைத் தேய்த்துக் கழுவி மருந்து நீரில் நனைக்கவேண்டும். சட்டைப்பையின் தையலில் ஒரு புல்விதை ஒட்டியிருந்தாலும் தேடி எடுத்துவிட வேண்டும். பறவைக்கு ஐந்து மீட்டர் தூரத்திலேயே நிற்க வேண்டும். அதுவாக நெருங்கி வந்தால் மனிதன்தான் ஒதுங்க வேண்டும். இரவில் கப்பலின் ஜன்னல்களைத் திரையிட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் கடற்பறவைகள் வெளிச்சத்தில் மயங்கி வந்து மோதிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு விதிகள் சொல்லியே காலம் கழிக்கும் உபாத்தியாயனான எனக்கே இந்தப் பட்டியல் சற்று நீளமாய்த் தோன்றுகிறது.

இத்தனை கட்டுப்பாட்டுக்கும் காரணம் பழைய கணக்கு ஒன்று. 1775-ல் கேப்டன் குக் அத்தீவில் இறங்கினார். அங்கே ஸீல் என்னும் கடல்மிருகங்கள் நிறைந்திருக்கும் செய்தி அவர் எழுதியதிலிருந்து பரவியது. பின்னாலேயே வேட்டைக்காரர்கள் வந்தார்கள். 1820-களில் வெட்டல் என்னும் கப்பல் தலைவர் போட்ட கணக்குப்படி, அதற்குள் குறைந்தது 12 லட்சம் தோல்கள் உரிக்கப்பட்டிருந்தன. அடுத்து, 1904-ல் லார்ஸன் என்னும் நார்வேக்காரர் கிரிட்விக்கன் என்ற இடத்தில் திமிங்கிலத் தொழிற்சாலை வைத்தார். 1965 வரையில் அத்தீவில் சுமார் 1,75,000 திமிங்கிலங்கள் அறுபட்டு எண்ணெயாயின. துருப்பிடித்த கொப்பரைகள் இன்றும் நிற்கின்றன. துருவப் பிரயாணம் செய்த ஷாக்கிள்டனின் சமாதியும் அதன் அருகில்தான்.

வேட்டைக்காரர்கள் போய்விட்டார்கள்; அவர்களோடு கப்பலில் வந்த எலிகள் போகவில்லை. மரமில்லாத நாட்டில் பட்சி எங்கே முட்டையிடும்? தரையிலும் மண் வளையிலும்தான். எலிக்கு இதைவிட வசதி வேண்டுமா? நம் வயல்களில் காணும் நெட்டைக்காலியின் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு குருவி, உலகத்தில் வேறெங்கும் இல்லாமல், அத்தீவில் மட்டுமே வாழ்கிறது. அதுவும், வளையில் வசிக்கும் சிறு கடற்பறவைகளும், எலி இருந்த கரைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயின.

எலிகளை ஒழிக்கத் தென் ஜார்ஜியா பாரம்பரிய அறக்கட்டளை என்னும் சிறு தர்ம ஸ்தாபனம் முன்வந்தது. கப்பலில் வந்துபோன பிரயாணிகளும் அதற்குப் பொருளுதவி செய்தார்கள். பனியாறுகள் தீவைத் தனித்தனி அறைகளாகப் பிரித்திருந்ததால், எலி ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்ட முடியவில்லை. ஓர் அறையைச் சுத்தம் செய்தால் அது சுத்தமாகவே இருக்கும். ஆனால் பூமி சூடேறிப் பனியாறுகள் சுருங்கிக்கொண்டிருந்தன; சுவர்கள் விழுந்துவிட்டால் பிறகு முயன்றும் பயனில்லை. 2011, 2013, 2015 ஆகிய மூன்று பருவங்களில் ஹெலிகாப்டர்கள் விஷ இரையைத் தூவின. இரையைத் தின்று சில பறவைகளும் மாண்டன. அந்த நஷ்டத்தை அறிந்தே காரியத்தில் இறங்கினார்கள். பிறகு, மோப்ப நாய்கள் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு மைல் நடந்து தேடின. ஓர் எலியும் அகப்படவில்லை. 2018 மே மாதம் வெற்றி அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே சிறு குருவி பழைய இடங்களில் கூடு கட்டத் தொடங்கிவிட்டது.

ஆனால் வீட்டைப் பெருக்கிவிட்டால் தெருவும் சுத்தமாகிவிடுமா? பதினோரடி சிறகு விரிக்கும் ஆல்பட்ராஸ், மீன் பிடிக்கும் நீண்ட தூண்டில் கயிறுகளில் சிக்கி மூழ்கிச் சாகிறது. தீவைச் சுற்றிய கடலில் இரவில் மட்டும் கயிறு விடவும், அது சீக்கிரம் ஆழத்தில் இறங்கும்படி பாரம் கட்டவும் சட்டம் செய்தார்கள். அங்கே அந்தச் சாவு ஏறக்குறைய நின்றுவிட்டது. பறவையோ எல்லை தெரியாமல் ஆயிரக்கணக்கான மைல் பறந்து, சட்டமில்லாத கடலில் மாட்டிக்கொள்கிறது. 2023 அக்டோபரில் பறவைக் காய்ச்சலும் அங்கே வந்து சேர்ந்தது. ஸ்குவா என்னும் பறவைகளும் யானை ஸீல்களும் மடிந்தன. அதன் பிறகு கரையில் யாரும் தரைமேல் உட்காரவும் கூடாது என்று விதித்தார்கள்.

அப்படியானால் யாருமே போகாமலிருப்பதல்லவா நல்லது? கேள்வி நியாயமானது. கப்பல் எரிக்கும் எண்ணெயும் அந்தப் பனியாறுகளைச் சுருக்குகிறது என்பதைப் பிரயாணி மறக்கலாகாது. ஆனால் கண்ணால் கண்டவர்கள் கொடுத்த பணமும் அந்த எலிகளை ஒழிக்க உதவியது என்பதும் உண்மை. ஒரு காலத்தில் மனிதன் அங்கே எஜமானனாய் இறங்கினான்; கரை வெறுமையாயிற்று. இன்று விருந்தாளியாய் இறங்குகிறான், கரை நிறைந்திருக்கிறது. போகிறவர் எந்த மனதோடு போகிறார் என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

கழுவிய காலோடு அவர் கரையில் நிற்கிறார். எதிரே ஒரு பென்குவின் நடந்து வருகிறது. அவரை ஏற இறங்கப் பார்க்கிறது. அவர் ஓரடி பின்வாங்குகிறார். அது தன் குஞ்சைத் தேடிக்கொண்டு போகிறது.