பாட்டில் நீரும் உடலின் கணக்கும்

பெங்களூர் விக்டோரியா மருத்துவமனை 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. இத்தகைய பெரிய மருத்துவமனைகளில் வயிற்றில் அறுவைச் சிகிச்சை பெற்றவருக்குச் சிரை வழியே திரவம் செலுத்துவது வழக்கம். அதனைக் காணும் உறவினர் பலர், "பாட்டில் ஏற்றினால் தெம்பு வரும்" என்று கருதி, மேலும் ஏற்றுமாறு வேண்டுகின்றனர். இக்கருத்து களையப்பட வேண்டியதாகும்.

ஒரு லிட்டர் சலைனில் இருப்பது 9 கிராம் உப்பு. உணவுச் சத்து சிறிதும் இல்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 5 சதவீதக் குளுக்கோஸ் நீரிலோ, லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரையே உண்டு. அது சுமார் 200 கலோரி மட்டுமே தரும்.

அறுவையின் அதிர்ச்சியால் பிட்யூட்டரிச் சுரப்பி வாசோபிரசின் என்னும் பொருளை மிகுதியாக வெளியிடுகிறது. அதனால் சிறுநீர் குறைந்து, உடலில் நீர் தேங்குகிறது, உப்பும் தங்கிவிடுகிறது. இந்நிலையில் உப்பில்லாத குளுக்கோஸ் நீரை அளவுமீறிச் செலுத்தினால், இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து, மூளை வீங்கி, வலிப்பும் மரணமும் நேரக்கூடும். சலைன் மிகுந்தாலோ, உடல் வீங்கும். நுரையீரலில் நீர் சேரும். குடலின் இயக்கம் திரும்பத் தாமதமாகும்.

அவ்வாறாயின் திரவத்தை இயன்றவரை குறைத்துவிடலாமா? அதுவும் தவறே. வயிற்றில் பெரும் அறுவை பெற்ற சுமார் 3,000 பேரிடம் ஏழு நாடுகளில் நடைபெற்ற ஆய்வொன்று 2018-இல் வெளியாயிற்று. திரவத்தைக் கண்டிப்பாகக் குறைத்தவர்களுள் 8.6 சதவீதத்தினருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பாதிப்புற்றது. சற்றுத் தாராளமாகப் பெற்றவர்களுள் இது 5.0 சதவீதமே.

ஆகவே மிகுதியும் தீது, குறைவும் தீது. அளந்து கொடுத்தலே முறை. உட்சென்ற நீர், சிறுநீர், வாந்தி, குழாய்வழிக் கழிவு ஆகியவற்றைக் குறிக்கும் ஏட்டை வெறும் எழுத்தர் வேலையென்று எண்ணலாகாது. நாள்தோறும் எடை பார்ப்பதும் இன்றியமையாதது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். ஓரிரவில் எடை இரண்டு கிலோ கூடினால், கூடியது தசையன்று, நீரே.

களப்பணியாளரும் ஆசிரியரும் மக்களுக்கு இதனை எடுத்துரைத்தல் நலம். அளவை மருத்துவர் தீர்மானிக்கட்டும். உறவினர் பாட்டில் கேட்பதை விடுத்து, நோயாளி பருகியதையும் கழித்ததையும் தவறாது செவிலியரிடம் கூறட்டும். மருத்துவர் இசைந்ததும் வாய்வழி அருந்தும் கஞ்சியே உண்மையான தெம்பைத் தரத் தொடங்கும்.