இல்லமும் விஞ்ஞானமும்: விறகுத் தீயும் குளிக்கும் நீரும்

கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட மாநிலங்களிலும் உள்ள நாட்டுப்புற வீடுகள் பலவற்றிலே விறகுக் கொதிகலன் உண்டு. பனிக்காலம் முழுவதும் அதிலே தீ எரியும். அதிற் சூடேறிய நீர் குழாய்கள் வழியே ஓடி அறைகளை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். அத்தீயைக் கொண்டே குளிக்கும் நீரையும் சூடாக்கலாகாதா என்ற வினா வீட்டாருக்கு எழுவது இயல்பே.

அவ்வீடுகள் சிலவற்றிலே தாங்கியில்லாத நீர்ச்சூடாக்கியும் இருக்கும். குழாயைத் திறந்தவுடன் வாயுச் சுவாலையோ மின்சாரமோ ஓடும் நீரைச் சூடாக்கிவிடும். ஆயினும் அதன் வலுவுக்கு எல்லையுண்டு. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோகிராம் நீரை ஒரு சதமவளவைப் பாகை உயர்த்த ஏறக்குறைய 4.2 கிலோயூல் வெப்பம் வேண்டும். 5 பாகையில் வரும் நீரை, நிமிடத்திற்கு 6 லீற்றர் வீதம், 45 பாகைக்கு உயர்த்த ஏறக்குறைய 17 கிலோவாற்று வலு தேவை. ஒரே வேளையில் இருவர் குளித்தால் இது 34 ஆகும். விறகுத் தீ அந்நீரை முன்னரே 30 பாகைக்கு உயர்த்திவிட்டால், இருவருக்கும் 13 கிலோவாற்றுக்குக் குறைவாகவே போதும்.

கொதிகலனின் நீரைக் குளிப்பதற்கு எடுத்தலாகாது. துருப்பிடிக்காதிருக்க அதிலே மருந்து கலந்திருப்பர். ஆதலின் இரு நீரும் மெல்லிய உலோகத் தகடுகளின் இருபுறமும் கலவாமல் ஓடும். வெப்பம் மட்டுமே தகட்டைக் கடந்து செல்லும்.

இனி, கவனிக்கவேண்டிய இடர்கள் சில உள. சூடாக்கி வெப்பத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்க வல்லதன்று. தீ ஓங்கி எரியும் நாளில் 60 பாகை நீர் உட்சென்றால், கருவியை 45 பாகைக்கு அமைத்திருப்பினும், 60 பாகை நீரே வெளிவரும். அது வளர்ந்தோரின் தோலையும் சில விநாடிகளிற் சுட்டுப் புண்ணாக்கும். குழந்தையின் மென்தோல் அதனினும் விரைவிற் பொசுங்கும். ஆதலின் தண்ணீரைத் தானே அளவாகக் கலக்கும் வால்வு ஒன்று இன்றியமையாதது. மேலும், சூடான நீரை ஏற்கும் திறன் எல்லாச் சூடாக்கிகளுக்கும் இல்லை. செய்தவரின் குறிப்பைப் படித்தறிந்த பின்னரே இணைத்தல் வேண்டும்.

முன்சூடாக்கிய நீரைத் தாங்கியிலே தேக்கிவைப்போர் பிறிதொன்றையும் அறிதல் வேண்டும். 1976ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரிலே முன்னாட் படைவீரர்களின் மாநாட்டுக்கு வந்த பலர் கடுஞ் சுவாசநோயால் மாண்டனர். அதற்குக் காரணமான பற்றீரியா அடுத்த ஆண்டு இனங்காணப்பட்டது. லெஜியொனெல்லா என்பது அதன் பெயர். தேங்கிநிற்கும் வெதுவெதுப்பான நீரிலே அது பெருகும். 60 பாகையில் அழியும். ஆகவே தாங்கியிலே 60 பாகையும், கலக்கும் வால்வைக் கடந்து குளியலறைக் குழாயிலே 45 பாகைக்கு மேற்படாமலும் இருத்தல் நன்று.

இவற்றைச் செவ்வனே அமைத்த வீட்டிலே, விறகு தணிந்த வேளையிலும் சூடாக்கி குறையை நிரப்பும்; தீ எரியும் வேளையில் வாயுவும் மின்சாரமும் மிச்சமாகும். ஆனால் அவ்வால்வுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்க எண்ணுதல் கூடாது. அதன் விலை பிள்ளையின் தோலினும் பெரிதன்று.